லேத் சக்கின் தேர்வும் பராமரிப்பும்

தொழில் வளர்ச்சி என்றவுடன் எஃகு ஆலைகளும் கனரக இயந்திரத் தொழிற்சாலைகளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் பெருந்தொழில்களுக்கு வேண்டிய தண்டுகள், புஷ்கள், வளையங்கள், இணைப்பிகள் போன்ற எண்ணற்ற உறுப்புகளைச் செய்து தருபவை பெரும்பாலும் சிறு பட்டறைகளே. குஜராத்தில் ராஜ்கோட், பஞ்சாபில் லூதியானா, பட்டாலா ஆகிய நகரங்களில் ஓரிரு லேத்களை மட்டும் வைத்துக்கொண்டு டீசல் என்ஜின், பம்பு, சைக்கிள், வேளாண் கருவிகள் ஆகியவற்றின் உறுப்புகளைக் கடைந்து தரும் பட்டறைகள் ஏராளமாக இயங்கி வருகின்றன. இவற்றின் முதலீடு சிறிது. ஆனால் இவற்றிடம் எதிர்பார்க்கப்படும் துல்லியம் பெரிய தொழிற்சாலைகளில் எதிர்பார்க்கப்படுவதற்குச் சற்றும் குறைந்ததன்று.

இத்தகைய பட்டறை ஒன்று புதிய லேத் வாங்க முற்படும்போது, இயந்திரத்தின் விலை, மோட்டாரின் குதிரைத்திறன், படுகையின் நீளம் ஆகியவை நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. வங்கியின் கடன் விண்ணப்பத்திலும் இவையே இடம்பெறுகின்றன. ஆனால் கடைய வேண்டிய உலோகத் துண்டைப் பற்றிச் சுழலச் செய்யும் 'சக்' என்னும் உறுப்போ, "துணைக்கருவிகள்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப் போகிறது. லேத் எவ்வளவு துல்லியமானதாயினும், அந்தத் துல்லியம் வேலைப்பொருளைச் சென்றடைவது சக்கின் வழியாகவே. சக் பழுதுபட்டால் அதற்குப் பின்னால் உள்ள முதலீடு முழுவதும் பயன் குன்றுகிறது. ஆகவே, சக்கைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் தொழில்நுட்பப் பிரச்சினை மட்டுமல்ல. மூலதனத்தைப் பயன்படுத்தும் முறை பற்றிய பொருளாதாரப் பிரச்சினையுமாகும்.

சக்கின் வகைகள்

லேத்தின் சுழல்தண்டு முனையில் பொருத்தப்பட்டு, தாடைகளால் வேலைப்பொருளைக் கவ்விப் பிடிக்கும் கருவியே சக். இவற்றுள் மூன்று தாடைச் சக் மிகுதியாக வழக்கிலுள்ளது. இதனுள் சுருள் வடிவத்தில் பள்ளம் வெட்டப்பட்ட வட்டத் தகடு ஒன்று அமைந்துள்ளது. சக் சாவியைத் திருப்பும்போது சிறு பற்சக்கரம் ஒன்று இந்தத் தகட்டைச் சுழற்றுகிறது. தாடைகளின் பின்புறப் பற்கள் சுருளில் பொருந்தியிருப்பதால், மூன்று தாடைகளும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் மையத்தை நோக்கி நகர்கின்றன. வேலைப்பொருள் தானாகவே மையம் கொள்கிறது. இந்தச் சுருள் முறைச் சக்குக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கடந்தும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொரு தாடைக்கும் தனித் திருகு உண்டு. ஒன்றை நகர்த்தினால் மற்றவை நகர்வதில்லை. சதுரம், செவ்வகம், ஒழுங்கற்ற வார்ப்புகள் முதலிய எவ்வடிவத்தையும் இதில் பிடிக்கலாம். மையத்தை வேண்டுமென்றே விலக்கியும் வைக்கலாம். டயல் கேஜ் கொண்டு பொறுமையாகச் சரிசெய்தால் 0.01 மி.மீ. அளவுக்குக்கூட மையப்படுத்த இயலும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதற்கு நேரம் செலவிட வேண்டும்.

இவையிரண்டும் அல்லாமல், சிறு விட்டமுள்ள வழவழப்பான கம்பிகளுக்குக் காலெட் சக், மெல்லிய சுவருள்ள குழாய்கள் நசுங்காதிருக்க ஆறு தாடைச் சக், கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் விசைச் சக் எனப் பல வகைகள் உள்ளன. ஆயினும் சாதாரணப் பட்டறையில் ஒரு மூன்று தாடைச் சக்கும் ஒரு நான்கு தாடைச் சக்கும் இருந்தால் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடலாம். இரண்டில் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு எல்லா வேலைகளையும் அதிலேயே செய்ய முயல்வதுதான் பல இடர்ப்பாடுகளுக்கு மூலகாரணமாகும்.

வேலைக்கேற்ற தேர்வு

எந்தச் சக்கைப் பயன்படுத்துவது என்பதை வேலைப்பொருளின் வடிவமும் தேவையான துல்லியமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. செய்ய வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கையும் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, மூன்று தாடைச் சக்கில் ஓர் உருப்படியைப் பிடிக்க 1 நிமிடமும், நான்கு தாடைச் சக்கில் டயல் கேஜ் வைத்துப் பிடிக்க 6 நிமிடங்களும் ஆவதாகக் கொள்வோம். ஒரே ஓர் உருப்படிக்கு இந்த 5 நிமிட வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. 40 உருப்படிகள் என்றால் வேறுபாடு 200 நிமிடங்கள். அதாவது 3 மணி 20 நிமிடங்கள். 8 மணி நேர வேலைநாளில் இது பெரிய இழப்பாகும்.

இங்கே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. மூன்று தாடைச் சக்கில் கடினமான தாடைகளுக்குப் பதிலாகப் பதப்படுத்தப்படாத மென்தாடைகளைப் பொருத்தி, சக் லேத்தில் இருக்கும் நிலையிலேயே அவற்றை வேலைப்பொருளின் விட்டத்துக்கேற்பக் கடைந்துகொள்ளலாம். கடையும்போது தாடைகள் ஒரு வளையத்தை இறுகப் பற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் வேலையின்போது ஏற்படும் அதே இறுக்கத்தில் அவை கடையப்படும். இவ்வாறு செய்த மென்தாடைகள் 0.02 முதல் 0.03 மி.மீ. அளவிலான துல்லியத்தைத் தர வல்லவை. கடைவதற்கு 30 நிமிடம் ஆவதாகக் கொண்டால், நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொன்றையும் தனித்தனியே மையப்படுத்துவதைக் காட்டிலும் 6 உருப்படிகளுக்கு மேல் போகும்போது மென்தாடையே சிக்கனமானது என்பதை எளிய கணக்கால் அறியலாம். ஒரு சோடித் தாடைகளைப் பலமுறை கடைந்து பயன்படுத்தலாம் என்பதால் செலவும் குறைவு.

மற்றொரு உண்மையும் நினைவில் கொள்ளத்தக்கது. வெளிவிட்டம், உள்துளை, முகப்பு ஆகிய அனைத்தையும் ஒரே பிடிப்பில் கடைந்து முடித்தால், அவை ஒன்றுக்கொன்று மையம் மாறுவதில்லை. சக்கின் சிறு குறை அங்கே வெளிப்படாது. பொருளைக் கழற்றித் திருப்பிப் பிடிக்கும்போதுதான் அக்குறை பொருளில் பதிகிறது. எனவே வேலையின் வரிசையை முன்கூட்டியே திட்டமிடும் பட்டறை, செலவின்றியே துல்லியத்தைக் கூட்டிக்கொள்ள இயலும்.

இயந்திரத்துக்கேற்ற பொருத்தம்

சக்கின் அளவு லேத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 200 மி.மீ. மைய உயரமுள்ள லேத்துக்கு 200 மி.மீ. விட்டமுள்ள சக் பொருத்தமானது. அதனினும் பெரிய சக்கைப் பூட்டினால் பெரிய வேலைகளைப் பிடிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் சக்கின் எடை வேகமாகக் கூடுகிறது. சுழல்தண்டின் தாங்கிகள் தேய்கின்றன. கிளட்ச், பிரேக் ஆகியவற்றின் மீதான சுமை பெருகுகிறது. மிகச் சிறிய சக்கை வாங்கினாலோ தாடைகளை அளவுக்கு மீறி வெளியே நீட்ட வேண்டியிருக்கும். அப்போது சுருளுடன் பொருந்தியிருக்கும் பற்களின் எண்ணிக்கை குறைந்து, பிடி தளர்வதுடன் பற்கள் உடையும் அபாயமும் ஏற்படுகிறது.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது சுழல்தண்டின் முனை அமைப்பு. பழைய லேத்களில் மரையுள்ள முனையே வழக்கம். சக் அதில் திருகப்படுகிறது. இம்முறை மலிவானது, ஆனால் இயந்திரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினாலோ திடீரெனப் பிரேக் பிடித்தாலோ சக் கழன்று விழக்கூடும். சர்வதேசத் தர அமைப்பின் 702ஆம் எண் தரத்தில் வகுக்கப்பட்டுள்ள கேம்லாக் முனையில் இந்த அபாயம் இல்லை. அதில் சக்கின் பின்புறமுள்ள முளைகள் சுழல்தண்டின் துளைகளில் நுழைந்து, கேம்களால் இறுக்கப்படுகின்றன. டி1-4 என்பது மூன்று முளைகளையும், டி1-6 என்பது ஆறு முளைகளையும் உடையது. முனையின் வகையைக் குறிப்பிடாமல் சக்குக்கு ஆணையிட்டால், வந்து சேரும் சக் லேத்தில் பொருந்தாமல் அலமாரியில் கிடக்க நேரிடும்.

சக்குக்கும் சுழல்தண்டுக்கும் இடையே பின்தகடு ஒன்று தேவைப்படும் இடங்களில், அத்தகட்டை அந்த லேத்திலேயே பொருத்தி, அதன் முகப்பையும் விளிம்பையும் அங்கேயே கடைந்த பிறகு சக்கைப் பூட்டுவது முறையாகும். வேறிடத்தில் கடைந்து கொண்டுவரப்பட்ட பின்தகட்டின் மீது எவ்வளவு விலையுயர்ந்த சக்கைப் பூட்டினாலும் அது நேராக ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

சக்கின் உடல் எதனால் ஆனது என்பதும் முக்கியமானது. வார்ப்பிரும்பு உடல் மலிவானது. அதிர்வுகளை நன்கு உறிஞ்சும். ஆனால் அதிவேகச் சுழற்சிக்கு எஃகு உடலே ஏற்றது. சுழலும் பொருளின் மையவிலக்கு விசை வேகத்தின் இருமடிப்பெருக்கத்துக்கேற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. வெளிப்புறமாகப் பிடிக்கும்போது இவ்விசை தாடைகளை வெளிநோக்கித் தள்ளுவதால், வேகம் கூடக் கூடப் பிடி குறைகிறது. எனவே தயாரிப்பாளர் சக்கின் மீது பொறித்துள்ள உச்ச வேகத்தை எந்நிலையிலும் மீறலாகாது. மோட்டாரையும் கப்பியையும் மாற்றிப் பழைய லேத்தின் வேகத்தைக் கூட்டும் பட்டறைகள், சக் அந்த வேகத்தைத் தாங்குமா என்று ஆராய்வது இன்றியமையாதது.

விலையும் மதிப்பும்

சக்கின் துல்லியம் 'ஓட்டப் பிழை' என்ற அளவால் அறியப்படுகிறது. துல்லியமாகச் சாணைபிடித்த உருளைத் தண்டு ஒன்றைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் முனையை அதன்மேல் வைத்துச் சக்கைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றினால், முள் காட்டும் மிகக் கூடிய அளவுக்கும் மிகக் குறைந்த அளவுக்கும் உள்ள வேறுபாடே ஓட்டப் பிழை. உண்மையான மைய விலகல் இதில் பாதி. நல்ல நிலையிலுள்ள மூன்று தாடைச் சக்கில் இது பொதுவாக 0.05 முதல் 0.10 மி.மீ. வரை இருக்கும். தேய்ந்த சக்கில் 0.30 மி.மீ. அளவையும் தாண்டுவதுண்டு.

இதன் பொருளாதார விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு பட்டறை நாளொன்றுக்கு 40 புஷ்களைக் கடைகிறது என்றும், தேய்ந்த சக்கின் காரணமாக அவற்றுள் 3 கழிக்கப்படுகின்றன என்றும் கொள்வோம். மாதத்தில் 25 வேலைநாட்கள் என்றால் 75 உருப்படிகள் வீணாகின்றன. மூலப்பொருளும் அதுவரை செய்த வேலையும் சேர்ந்து உருப்படிக்கு ரூ. 120 எனக் கொண்டால் மாத இழப்பு ரூ. 9,000. தரமான சக்குக்கும் மலிவான சக்குக்கும் உள்ள விலை வேறுபாடு ரூ. 12,000 என்று வைத்துக்கொண்டால், அந்த வேறுபாடு இரண்டு மாதத்துக்குள்ளாகவே ஈடாகிவிடுகிறது. காலந்தவறிய ஒப்படைப்பு, வாங்குபவரின் நம்பிக்கையிழப்பு ஆகியவை இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. சிறு பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளரை இழப்பது பல மாத வருமானத்தை இழப்பதற்குச் சமமாகும்.

எனினும், விலை கூடியது எல்லாம் நல்லது என்று கொள்வதும் தவறு. கரடுமுரடான வார்ப்புகளை மட்டுமே பிடித்து முதற்கட்டக் கடைசல் செய்யும் லேத்துக்கு உயர் துல்லியச் சக் தேவையில்லை. அங்கே உறுதியே முதன்மை. துல்லியம் தேவைப்படும் இடத்தில் அதற்குச் செலவிடுவதும், தேவைப்படாத இடத்தில் தவிர்ப்பதுமே உண்மையான சிக்கனம்.

அரசு நிறுவனங்களின் கொள்முதல்

தொழிற்பயிற்சி நிலையங்கள், பணிமனைகள், ஆய்வுக்கூடங்கள் ஆகியவற்றுக்காக அரசுத் துறைகளும் சக்குகளை வாங்குகின்றன. 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மின்னணுச் சந்தை, கொள்முதலை எளிதாக்கியும் வெளிப்படையாக்கியும் உள்ளது. ஆனால் தொழில்நுட்பத் தகுதி பெற்ற விலைப்புள்ளிகளுள் மிகக் குறைந்ததை ஏற்பதே பொதுவான நடைமுறை ஆதலால், தேவையை எந்த அளவுக்குத் தெளிவாக எழுதுகிறோமோ அந்த அளவுக்கே நல்ல பொருள் கிடைக்கும். "மூன்று தாடைச் சக், 200 மி.மீ." என்று மட்டும் எழுதினால், அந்தச் சொற்களுக்குப் பொருந்தும் மிக மலிவான பொருளை எவரும் தர இயலும்; அதனை மறுக்க அதிகாரிக்கு ஆதாரமிராது.

ஆகவே விவரக்குறிப்பில் பின்வருவன இடம்பெறுதல் வேண்டும்: லேத்தின் மாதிரியும் சுழல்தண்டு முனையின் வகையும், சக்கின் விட்டமும் நடுத்துளையின் அளவும், உடல் வார்ப்பிரும்பா எஃகா என்பது, உச்ச வேகம், அனுமதிக்கத்தக்க ஓட்டப் பிழை, வெளிப்பிடித் தாடைகள், உட்பிடித் தாடைகள் ஆகிய இரண்டு தொகுதிகள், சாவி, பின்தகடு, சோதனைச் சான்று. கையால் இயக்கப்படும் தன்மையச் சக்குகளைச் சோதிக்கும் முறை சர்வதேசத் தர அமைப்பின் 3089ஆம் எண் தரத்தில் வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் குறிப்பிட்டு, பொருள் வந்தபின் டயல் கேஜால் சோதித்து ஏற்பதற்குச் செலவாகும் நேரம் அரைமணிக்கு மேற்படாது.

துல்லியம் இழக்கப்படும் விதம்

சக் ஒன்று பிழையாக ஓடினால் உடனே அதைக் குறைகூறுவது சரியன்று. பிழையின் மூலத்தைப் படிப்படியாகத் தேட வேண்டும். முதலில் சக்கைக் கழற்றிவிட்டுச் சுழல்தண்டின் முனையை டயல் கேஜால் சோதிக்க வேண்டும். அங்கே பிழை இருந்தால் குறை தாங்கிகளில் உள்ளது. எத்தனை சக்குகளை மாற்றினாலும் பயனில்லை. முனை சரியாக இருந்தால் பின்தகட்டையும், பிறகு சக் உடலின் விளிம்பையும், இறுதியாகத் தாடைகள் பிடித்த சோதனைத் தண்டையும் பார்க்க வேண்டும். சக் பொருந்தும் பரப்பில் சிக்கிய ஒரு சிறு உலோகச் சீவலே பல வேளைகளில் காரணமாக இருப்பது காணப்படும்.

தண்டைத் தாடைகளின் அருகிலும், அங்கிருந்து 100 மி.மீ. தள்ளியும் இரண்டு இடங்களில் அளப்பது நல்லது. இரு இடங்களிலும் பிழை ஒரே அளவாக இருந்தால் மையம் மட்டுமே விலகியுள்ளது. தள்ளிய இடத்தில் பிழை பெரிதும் கூடினால், தாடைகள் மணியின் வாய் போல முன்புறம் அகன்று தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். குட்டையான பொருள்களைத் தாடையின் நுனியில் மட்டும் பிடித்து ஓயாமல் வேலை செய்வதே இத்தேய்வுக்குக் காரணம். அத்தாடைகள் பொருளைப் பின்பகுதியில் மட்டுமே பற்றுவதால், வெட்டும் உளியின் அழுத்தத்தில் பொருள் ஆடுகிறது.

இதற்காகச் சக்கையே தூக்கியெறிய வேண்டியதில்லை. தாடைகளை இறுக்கிய நிலையில் வைத்து, உளிதாங்கியில் பொருத்தும் சாணை இயந்திரத்தால் அவற்றின் பிடிக்கும் பரப்பை அந்த லேத்திலேயே சாணைபிடித்துச் சரிசெய்யலாம். சாணைத்தூள் படுகையிலும் சுருளிலும் படியாதவாறு மூடிவைப்பதும், பின்னர் முழுவதும் கழுவுவதும் மிக முக்கியம். சுருளே தேய்ந்து போயிருந்தால் மட்டுமே புதிய சக் அவசியமாகிறது.

பராமரிப்பு முறை

சக்கின் பராமரிப்புக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒழுங்கு ஒன்றே தேவை.

நாள்தோறும் வேலை முடிந்தவுடன் தாடைகளிலும் முகப்பிலும் ஒட்டியுள்ள சீவல்களைத் தூரிகையால் அகற்றி, துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும். அழுத்தக் காற்றைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வழக்கம் பல பட்டறைகளில் உள்ளது. இது சீவல்களை வெளியேற்றுவதற்கு மாறாகச் சுருளுக்குள் ஆழமாகச் செலுத்திவிடுகிறது. அருகில் நிற்பவரின் கண்களுக்கும் ஆபத்தானது.

வாரம் ஒருமுறை தாடைகளைக் கழற்றி அவற்றின் பற்களையும் சக்கின் பள்ளங்களையும் துடைக்க வேண்டும். வார்ப்பிரும்பு கடையும் பட்டறையில் இது இன்னும் அடிக்கடி தேவைப்படும். ஏனெனில் வார்ப்பிரும்பின் தூள் எண்ணெயுடன் கலந்து தேய்க்கும் பசையாகவே மாறிவிடுகிறது. தாடைகளில் 1, 2, 3 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். சுருளின் தொடக்கம் ஒவ்வொரு பள்ளத்தையும் கடக்கும்போது அந்த வரிசையிலேயே தாடைகளைச் செருக வேண்டும். வரிசை மாறினால் மூன்று தாடைகளும் மையத்தில் சந்திக்கமாட்டா. ஒரு சக்கின் தாடைகளை மற்றொரு சக்கில் பயன்படுத்துவதும் கூடாது. அவை ஒவ்வொரு சக்குக்கும் தனித்தனியே முடிக்கப்பட்டவை.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சக்கைப் பிரித்து, உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, சுருளிலும் பற்சக்கரங்களிலும் மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸை மெல்லிதாகப் பூச வேண்டும். கிரீஸை அள்ளி அடைப்பது நன்மை தராது. மிகுதியான கிரீஸ் சீவல்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கிரீஸ் வற்றிய சக்கிலோ சாவியில் செலுத்தும் விசையின் பெரும்பகுதி உராய்விலேயே வீணாகிறது. சாவி இறுகியது போலத் தோன்றும். பொருள் உண்மையில் இறுகியிராது.

சாவியின் கைப்பிடியில் குழாயை மாட்டி நீட்டி இறுக்குதல், தாடைகளின் மீது சுத்தியலால் தட்டுதல், வட்டமற்ற கருங்கம்பிகளையும் கரடான வார்ப்புகளையும் மூன்று தாடைச் சக்கில் பிடித்தல் ஆகிய மூன்றும் சக்கின் ஆயுளைக் குறைக்கும் முக்கியப் பழக்கங்கள். கரடான பொருள்களுக்கு நான்கு தாடைச் சக் இருக்கிறது. சக் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓட்டப் பிழையை அளந்து எழுதிவந்தால், தேய்வு எப்போது எல்லை மீறுகிறது என்பது கழிவு பெருகுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு

சக் தொடர்பான விபத்துகளுள் மிகவும் கொடியது, சாவி சக்கிலேயே இருக்கும் நிலையில் இயந்திரத்தை இயக்குவதால் நேர்வதாகும். சாவி எறிபடையைப் போல வீசப்படுகிறது. சாவி சக்கில் இருக்கும்வரை அதிலிருந்து கையை எடுக்கலாகாது என்ற ஒற்றை விதியைப் பயிற்சியின் முதல் நாளிலேயே பதியவைக்க வேண்டும். கையை எடுத்தவுடன் தானே வெளியே துள்ளும் வில்பொருத்திய சாவியும், சக்கை மூடும் காப்புத் தடுப்பும் மலிவான, பயனுள்ள ஏற்பாடுகள். தளர்ந்த உடை, கையுறை, கழுத்துத்துண்டு ஆகியவற்றுடன் சுழலும் சக்கின் அருகே நிற்பது உயிருக்கே ஆபத்தானது. சக்கைக் கழற்றும்போது படுகையின் மீது மரப்பலகை வைப்பது விரல்களையும் படுகையையும் ஒருங்கே காக்கும், 200 மி.மீ. சக் ஒன்றின் எடை சுமார் 15 கிலோ என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கேம்லாக் முனையில் ஒவ்வொரு கேமின் குறியும் உரிய எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தை இயக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தனது 21ஆம் பிரிவில், இயந்திரங்களின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு அமைக்க வேண்டும் என விதித்தது. மின்விசையுடன் 10 தொழிலாளர்களைக் கொண்ட இடங்களே அச்சட்டத்தின்படி தொழிற்சாலைகளாகக் கருதப்பட்டன. 2020ஆம் ஆண்டில் நிறைவேறிய பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் குறித்த சட்டத் தொகுப்பு, தொழிற்சாலைக்கான அந்த வரம்பை 20 ஆக்கியது. இரண்டு அல்லது மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் லேத் பட்டறை இவ்விரு வரம்புகளுக்கும் புறம்பானது. ஆய்வாளரின் பார்வை எட்டாத அந்த இடங்களில், தொழிலாளியின் விரலையும் கண்ணையும் காப்பது பட்டறையின் சொந்த ஒழுங்கு ஒன்றே.

செய்யத்தக்கவை

1955ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய சிறுதொழில் கழகம், தவணைமுறையில் இயந்திரங்களை வழங்கியதன் வாயிலாகச் சிறு தொழில்முனைவோர் பலரை இயந்திர உடைமையாளர்களாக்கியது. இன்று சிறு தொழில்களுக்கான கடன் வசதிகள் பலவாறு விரிவடைந்துள்ளன. ஆயினும் இயந்திரத்துக்குக் கடன் கிடைக்கும் அளவு எளிதாக அதன் துணைக்கருவிகளுக்குக் கவனம் கிடைப்பதில்லை. திட்ட அறிக்கைகளை ஆராயும் வங்கி அலுவலர்களும் மாவட்டத் தொழில் மைய அலுவலர்களும், லேத்தின் விலையுடன் இரண்டு தரமான சக்குகள், மென்தாடைகள், ஒரு டயல் கேஜ் ஆகியவற்றின் விலையும் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பார்ப்பது பெரும் பயன் தரும். முதலீட்டில் சிறு பங்கான இவை இன்றேல் பெரும்பங்கும் பலன் தராது.

தாடைகளைச் சாணைபிடிக்கும் வசதியை ஒவ்வொரு சிறு பட்டறையும் தனித்தனியே வைத்துக்கொள்ள இயலாது. லூதியானா, அகமதாபாத், ஐதராபாத், புவனேசுவரம் முதலிய நகரங்களில் மத்திய அரசின் கருவியறைகளும் பயிற்சி மையங்களும் இயங்குகின்றன. இவை போன்ற நிறுவனங்களும், தொழிற்பேட்டைகளின் பொது வசதி மையங்களும், சக் சோதனையையும் தாடைச் சீரமைப்பையும் குறைந்த கட்டணத்தில் செய்து தந்தால், தூக்கியெறியப்படும் சக்குகள் பல மீண்டும் உழைக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது பயிற்சி. 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ், தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர் தொழிலுக்கு இரண்டாண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. அங்கே தேய்ந்த சக்கில் பழகும் மாணவன், பொருள் ஆடுவது இயல்பு என்றே எண்ணிவிடுகிறான். அளவு தவறினால் இயந்திரத்தின் மீது பழிபோடவும் கற்றுக்கொள்கிறான். நல்ல சக்கில் பழகி, அதைப் பிரித்துத் துடைத்துப் பூட்டவும், டயல் கேஜால் சோதிக்கவும் கற்ற மாணவனோ, பின்னாளில் எந்தப் பட்டறைக்குச் சென்றாலும் அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுசெல்கிறான். பயிற்சி நிலையத்தின் லேத்களில் உள்ள சக்குகளை இந்த ஆண்டே சோதித்து, அவற்றின் பிழையளவை அட்டையில் எழுதி மாட்டுவது எந்த முதல்வருக்கும் இயலக்கூடிய காரியம். அதற்குப் புதிய நிதி ஒதுக்கீடோ மேலிட அனுமதியோ தேவையில்லை. ஒரு டயல் கேஜும் ஒரு பிற்பகலும் போதும்.